எழுமலை ரோட்டில் அணைந்த பல்பு

மடியில் ஒரு சின்ன பல்பை வைத்துக்கொண்டு, ரோட்டையும் பார்க்காமல், பக்கத்தில் வண்டி ஓட்டுகிற புருஷனையும் பார்க்காமல், அந்தப் பல்பையே பார்த்தபடி மதுரையிலிருந்து எழுமலைப் பக்கம் போன ஆள் உலகத்திலேயே எங்கள் மதினி ஒருவராகத்தான் இருக்கும். பின் சீட்டில் நான். எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்: இன்ஜின் பக்கமிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்த வயர் நசுங்காமல் எட்டிப் பிடித்துக்கொள்வது. செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, ஐப்பசி மழைக்குப் பெயர்ந்து கிடந்த ரோட்டில் கார் குதித்துக் குதித்துப் போகிறது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார். மதினியோ சித்திரைத் திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக, "நில்லு, இப்ப நில்லு, ஏன் நிக்க மாட்டேங்குற" என்று காரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். ஓடுகிற வண்டியை நிற்கச் சொல்லிக் கெஞ்சுகிற மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எண்பதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வரும்.

மதினி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. எங்கள் தாய்மாமன் மகள்தான், உரிமைப் பெண். தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அண்ணன் லாரி டிரைவர். நான் டவுன் பஸ் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தியே தொண்டை தடித்தவன், அதனால் மெதுவாகச் சொல்ல எனக்கு எதுவும் வராது. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் ஏதாவது ரிப்பேரானால் மற்றவர்களுக்குச் செலவு, மதினிக்குக் கொண்டாட்டம். இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லையா, ரேடியோ கரகரக்கிறதா, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவார். எந்தச் சாமானும் சும்மா கெட்டுப் போகாது தம்பி, எதையாவது சொல்லிட்டுத்தான் கெடும், நாமதான் காது குடுக்கிறதில்ல என்பார். காது கொடுத்துக் கொடுத்து எங்கள் சுவர்க் கடிகாரத்தை மொத்தமாகக் கொன்றதும் அவர்தான். அதைச் சொல்லிக் காட்டினால் பேச்சை மாற்றிவிடுவார்.

அண்ணனுக்கு வடக்கே போகிற லைன். பம்பாய் போவார், அங்கிருந்து எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே போவார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மகள் பிறந்தபோது எங்கேயோ ஒரு மலைப்பாதையில் ஆக்சில் ஒடிந்து கிடந்தார். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்த புதிதில் அண்ணன் ஒரு தடவை லாரியோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பிள்ளை ஓடிப்போய் மதினியின் காலைக் கட்டிக்கொண்டு, "லாரி மாமா வந்திருக்காரு" என்றது. எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். மதினியும் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போனவர், வெகுநேரம் வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் லாரியை விடுங்க, சொந்தமா ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுவோம் என்று பிடியாகப் பிடித்து வாங்க வைத்தார். கறுப்பு பிளஷர் கார். அண்ணன் வீட்டில் தூங்க ஆரம்பித்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம் பிள்ளை அவரை 'அப்பா' என்று கூப்பிட்டதை மதினி தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் காலத்துக் காரில் இன்ஜினுக்கு நெருப்புப் பொறி வருவதற்கு 'பிளாட்டினம் பாயின்ட்' என்று ஒரு சின்னத் தகடு உண்டு. திறந்து மூடித் திறந்து மூடி அது கரண்ட்டை வெட்டிவிட்டால்தான் 'காயில்' என்கிற கம்பிச்சுருள் பொறியை உண்டாக்கும், பிளக்கில் தீ விழும். அந்தத் தகடு அடிக்கடி கருகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். தகடே இல்லாமல் அந்த வேலையைச் செய்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி ஒன்று வந்திருக்கிறது என்று மதினி ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டார். அவ்வளவுதான், நச்சரிப்பு. கோயம்புத்தூரில் யாரோ செய்து விற்றதை வரவழைத்து, ஓடுற வண்டியில எதுக்கு இந்த ரேடியோவ மாட்டுற என்று அண்ணன் புலம்பப் புலம்ப மாட்டவும் வைத்துவிட்டார். கோடை முழுக்க வண்டி தொட்டால் கிளம்பியது. கார் ஸ்டாண்டில் அண்ணன் மற்ற டிரைவர்களிடம், என் பொண்டாட்டி கண்டுபிடிச்சது என்கிற அளவுக்கு அளக்க ஆரம்பித்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மதுரையில் சக்கரம் உள்ள எதற்கும் அன்றைக்குக் கல்யாணக் களைதான். சைக்கிளுக்கே மாலை போடுவார்கள், காருக்குக் கேட்க வேண்டுமா? அண்ணன் லாரியில் பழகிய ஆள், அவருக்கு வெளியே மட்டும் பளபளத்தால் போதாது. இன்ஜினைச் சுற்றியிருந்த சாமான்களையெல்லாம் கழற்றி, துடைத்து, உள்ளே முழுக்கச் சில்வர் பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டி, பானட்டைத் திறந்து வைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி கடலை, ஒரு குறையும் இல்லை. கோயில் தேரே தோற்றது என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் எழுமலை ரோட்டில் வண்டி நின்றது. பருத்தி பார்க்க அந்தப் பக்கம் போகிற சிம்மக்கல் வியாபாரி ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. அவரை வைத்துக்கொண்டே நின்றது. அண்ணன் இறங்கி, பானட்டைத் தூக்கி, ஒன்றும் புரியாமல் மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. திரும்பி வரும்போதும் நின்றது. டவுனுக்குள் வந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடியது. இப்படியே இரண்டு மூன்று சவாரி. வியாபாரி வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் விட்டார். ஸ்டாண்டில் சிரித்தார்கள். எங்கள் அம்மா, அவ சொல்றத எல்லாம் கேட்டு ஆடுனா இப்படித்தான் என்று அண்ணன் காதுபட முணுமுணுத்தது.

அண்ணனுக்கு ரோஷம் அதிகம். யாரிடமும் கேட்கவில்லை. நேரே சிம்மக்கல் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போய், தீபாவளி கழிந்ததும் பழைய லைனிலேயே ஏறிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். காருக்கு ஆள் பார்க்கப் புரோக்கரிடமும் சொல்லியாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இதைச் சொன்னார்.  மதினி கரண்டியோடு நின்றவர், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டார்: "நிக்கும்போது இருமிட்டு நிக்குமா, பொசுக்குன்னு நிக்குமா?"

"செத்துக் கெடக்குறவன், இருமிச் செத்தானா தும்மிச் செத்தானான்னு கேக்குற," என்றார் அண்ணன்.

ஆனால் மதினி விடவில்லை. பெட்ரோல் வராமல் நின்றால் வண்டி திக்கும், குலுங்கும், இருமும். பொறி போய்விட்டால் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும் என்று விளக்கினார். சட்டென்றுதான் நிற்கிறது என்று அண்ணன் வேண்டாவெறுப்பாகச் சொன்னதும் மதினியின் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது பாருங்கள், எனக்கு அந்த வீட்டில் மறுபடி மூச்சு வந்தது. தீபாவளிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அண்ணன் வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் பம்பாய். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

சிம்மக்கல்லில் எங்கள் மெக்கானிக் அண்ணே ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். காயிலை மாற்றிப் பார்த்தார், பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார். அவர் பட்டறையில் வண்டி நின்றால்தானே! காலையிலிருந்து ஓடவிட்டும் நிற்கவில்லை. கடைசியில் அவர் மதினியிடம், "நின்ன பொறகு பாத்துப் பிரயோசனமில்ல டீச்சர். நிக்குற அந்த நிமிசம் பாக்கணும். பானட்டத் தூக்குற ஆட்டத்துலயே அது சரியாயிருது" என்றார். அந்தப் பேச்சை மதினி அப்படியே பிடித்துக்கொண்டார். அவரிடமே ஒரு பல்பும் நீள வயரும் வாங்கி, பெட்டிக்குக் கரண்ட் வருகிற வயரில் ஒரு முனையையும் காரின் இரும்பு உடம்பில் மறுமுனையையும் கோத்து, பல்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முதல் சவாரி போனார். வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். எழுமலைக்கு முன்னால் வண்டி நின்றது. பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணன் ஸ்டியரிங்கில் கையைத் தட்டினார். கரண்ட் வருது, பெட்டி வேலை செய்யலை, அப்ப செத்தது பெட்டிதான், முடிஞ்சது என்றார்.  திரும்பி வருகிற வழி முழுக்க மதினி அந்தப் பல்பை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தார். 

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், தல்லாகுளம் ஸ்டாப்பில் என் பஸ்ஸில் ஏறினார் மதினி. பள்ளிக்கூட நேரம். கையில் சாக்பீஸ் தூள். எனக்குப் பகீரென்றது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அவரோ கூட்டத்தை நெருக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கச் சொன்னார்: "தம்பி, வாரதப் பாத்தோம். திரும்பிப் போறதப் பாக்கவே இல்ல."

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, யாரு தாயி திரும்பிப் போகலை என்று கவலையாகக் கேட்டது. கரண்டுங்கம்மா என்றார் மதினி. அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டது. விஷயம் என்னவென்றால், போர்டில் பிள்ளைகளுக்கு பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் வரைந்துகொண்டிருந்தாராம். கோட்டைப் பல்பு வரைக்கும் கொண்டுவந்து, திரும்ப பேட்டரிக்கு இழுக்கும்போது கை நின்றுவிட்டதாம். கரண்ட் பெட்டிக்குள் வந்தால் மட்டும் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். காரில் அந்தத் திரும்புகிற வழிக்குத் தனி வயர் கிடையாது. பெட்டியின் கால் காரின் இரும்பு உடம்பில் உட்கார்ந்திருக்கிறதே, அதன் வழியாகத்தான் போகும். எர்த் என்று சொல்வது அதைத்தான். பல்பின் ஒரு முனையை பேட்டரியிலும் மறுமுனையைப் பெட்டியின் உடம்பிலும் கொடுத்துப் பார்ப்போம், கால் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற வரை எரியும், விலகினால் அணையும் என்றார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, ஆனால் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. சிம்மக்கல் ஸ்டாப்பில் விசில் ஊத மறந்துபோய் டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் இதுதான் கடைசி என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தார். தீபாவளி நெருங்கிவிட்டது. "சரி," என்றார் மதினி. "பல்பு எரியுறப்பவே வண்டி நின்னுச்சுன்னா, உங்க துணிமணிய நானே மடிச்சு வச்சு அனுப்புறேன்." அப்படிச் சொல்லிவிட்டுத்தான் மடியில் பல்போடு உட்கார்ந்தார்.

உசிலம்பட்டி வரைக்கும் பல்பு அசையவில்லை. அதைத் தாண்டி ரோடு கெட்டதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சிமிட்டு சிமிட்டியது. மதினி என் கையைத் திரும்பிப் பார்க்காமலே தட்டினார். பாத்தீகளா தம்பி, பாத்தீகளா! நான் பார்த்தேன். அண்ணன் பார்க்காத மாதிரி ஓட்டினார். எழுமலைக்கு முன்னால் ஒரு ஓடைப் பாலம் உண்டு. அதில் முன் சக்கரம் இறங்கி ஏறியதும் இன்ஜின் சட்டென்று செத்தது. மதினியின் மடியில் பல்பும் இருண்டது.

"யாரும் அசையாதீக!"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்தார். நான் தும்மல் வந்ததை விழுங்கினேன். மதினி பல்பைக் கையோடு எடுத்துக்கொண்டு, கதவைப் பூப்போலத் திறந்து இறங்கி, என்னையும் கூப்பிட்டு, தூங்குகிற பிள்ளையின் போர்வையை எடுக்கிற மாதிரி இரண்டு பேருமாக பானட்டைத் தூக்கினோம். பல்பு அணைந்தே இருந்தது. மதினி ஒரு விரலால் பெட்டியை அமுக்கினார். பல்பு எரிந்தது. விரலை எடுத்தார், அணைந்தது. அமுக்கினார், எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மழைக்காலத்து எழுமலை ரோட்டில், ரெண்டு பக்கமும் பருத்திக் காடு, ஒரு ஈ காக்கை இல்லை, எங்கள் மதினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். ஏங்க, நீங்களே வந்து அமுக்குங்க என்று அண்ணனை இழுத்துவந்தார். அவர் அமுக்கினார். எரிந்தது. மறுபடி அமுக்கினார். பிறகு நான் அமுக்கினேன். மூன்று பேரும் மாற்றி மாற்றி அமுக்கி விளையாடியதைச் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, வண்டி நின்னுபோச்சாப்பா என்று பரிதாபமாகக் கேட்டார். ஆமாங்கய்யா, நல்லா நின்னுபோச்சு என்று மதினி சிரித்த சிரிப்பில் அவர் பயந்துபோய்ச் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

திருப்புளியால் கழற்றிப் பெட்டியைத் திருப்பினோம். அடியில் கால் ரெண்டும் பளபளவென்று சில்வர் பெயின்ட். அது உட்கார்ந்திருந்த இடமும் சில்வர் பெயின்ட். இரும்பும் இரும்பும் தொடவேண்டிய இடத்தில் நடுவே பெயின்ட் படுத்திருக்கிறது. திருகாணியின் மரை எங்கேயோ ஒரு இழை ஒட்டிக்கொண்டு அம்புட்டு நாளும் சமாளித்திருக்கிறது. குலுங்கினால் அதுவும் விட்டுவிடும். சாமிக்கென்று அடித்த பெயின்ட். பூஜை போட்ட பிறகு வண்டி கெடும் என்று எந்த டிரைவருக்குத் தோன்றும்? அண்ணன் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டாண்டில், வீட்டில், மெக்கானிக்கிடம், வழியில் போனவன் வந்தவனிடம் எல்லாம் அந்தப் பெட்டியையும் அதை வாங்கச் சொன்னவரையும் திட்டித் தீர்த்திருந்தார்.

"நாந்தான் அடிச்சேன்," என்றார். "ஈரம் காயறதுக்குள்ள மாட்டிட்டேன்."

மதினி ஒரு சொல் குத்திப் பேசவில்லை. நானாக இருந்தால் ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசியிருப்பேன். "அழகாத்தான் அடிச்சிருக்கீக," என்றார். "கால் நிக்கிற எடத்துல மட்டும் அழகு வேணாம்." முந்தானை முடிச்சிலிருந்து உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் வாங்கித் தேய்த்தார். வெறும் இரும்பு தெரிந்த பிறகும் தேய்த்தார். போதும்ங்க, ஓட்டை விழுந்துரும் என்று மதினி பிடுங்கவேண்டியதாகிவிட்டது.

மாட்டினோம், கிளம்பினோம். அண்ணன் வண்டியைத் திருப்பவில்லை. எழுமலையைத் தாண்டி, கிடக்கிறதிலேயே மோசமான ரோடாகத் தேடித் தேடிப் போனார். பள்ளம் பார்த்து இறக்குகிறார், கல் பார்த்து ஏற்றுகிறார். என் தலை கூரையில் இடிக்கிறது. பல்பு கண்ணைச் சிமிட்டவே இல்லை. எங்கங்க போறீக என்று மதினி கேட்டதற்கு, "எங்கயாச்சும் நிக்குதான்னு பாக்குறேன், மாட்டேங்குதே" என்று அண்ணன் சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வாரக்கணக்கில் நாங்கள் கேட்காத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு மாதம் தலையை இடித்துக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

அந்தப் பிள்ளை, லாரி மாமா என்று கூப்பிட்டவள், இப்போது சொந்தக் கார் ஓட்டுகிறாள். போன மாசம் அவள் வண்டி நடுவழியில் நின்றதும் கம்பெனிப் பையன் வந்து கம்ப்யூட்டரைச் சொருகினான், எது கெட்டது என்று திரையில் எழுத்தாகவே வந்தது. நல்ல வசதி, நான் குறை சொல்லவில்லை. வயசான மதினி பின் சீட்டில் இருந்தபடி எட்டிப் பார்த்து, அம்புட்டுத்தானா என்று கேட்டார். அவருக்கு அதில் ஒரு ருசியும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது. ஊர் திரும்பிய அண்ணன் வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேரே சிம்மக்கல்லுக்கு விட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் எதிரில் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. வாக்குக் குடுத்துட்டேன், வரலைன்னு நேர்ல சொல்லணும்ல என்று எங்களைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போனார். அவர் முதுகு மறைகிற வரைக்கும் மதினி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பகல் முழுக்கக் குதித்த மனுஷி. தீபாவளிக்குப் பிறகு வடக்கே போகிறேன் என்று கேட்ட அன்றைக்குக்கூட ஒரு சொட்டு விடாமல் குழம்பு ஊற்றியவர். இம்புட்டு நாளும் இந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. வயரைச் சுருட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நானும் கண்ணைத் துடைத்தேன்.

அண்ணன் திரும்பி வந்து கதவைத் திறந்தார். மதினி முகத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார்.

"வண்டிதான் ஓடுதே, என்னத்துக்கு இப்ப அழுகுற?"

"ஓடுதுன்னுதான்," என்றார் மதினி.